தம்பி ஊதிய சக்கரம்

கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமாக ஒன்றுமில்லை. மின்விசிறியை அணைத்த பிறகு இறக்கைகள் மனசில்லாமல் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றுமே, அந்த அளவுதான். ஆனால் இது யாரும் போட்டு அணைத்த விசிறி அல்ல. காரின் என்ஜினோடு நாலு நட்டுகளில் மாட்டியிருக்கும் புது டர்போ, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாதனம். அதற்கு முன்னால் காற்றுக் குழாய் இன்னும் வரவில்லை, பின்னால் சைலன்ஸர் குழாய் இன்னும் வரவில்லை, என்ஜின் ஓடி மூன்று மாதம் ஆகிறது. உள்ளங்கை அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த அந்த உலோகக் கூட்டுக்குள் வெள்ளி நிறச் சக்கரம் மெல்ல அரைச் சுற்று நகர்ந்து, தயங்கி, மறுபடி அரைச் சுற்று நகர்ந்தது.

டீச்சர் குனிந்து சக்கரத்தின் நடு நட்டில் ஆட்காட்டி விரலை வைத்தாள். நின்றது. பக்கத்து அறையில் தம்பி இருமினான். விரலை எடுத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தன்னை யாரும் தொடவே இல்லை என்பது போல அது மறுபடி நகர ஆரம்பித்தது.

அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் அல்ல. பதினெட்டு வருஷமாக பஸ் டிப்போவில் டர்போ கழற்றி மாட்டுகிறவள். ஸ்பானரை எடுத்த இடத்தில் வைக்காதவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்குவதால் வந்த பட்டம் அது. டிரைவர்களிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் டீச்சர். அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன்தான் அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருந்தான்.

காற்றுதான், வேறென்ன, என்று அவளே முடிவு கட்டினாள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெளியே மதியத்திலிருந்து விடாமல் மழை. அவள் ஷட்டரைக் கீழே இழுத்துச் சாத்தியதும் மழைச் சத்தம் போர்வைக்குள் போனது போல அடங்கியது, கராஜுக்குள் பழைய ஆயில் வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும் அவள் கையிலிருந்த சோப்புத்தூள் வாசனையும் ஒன்றாகக் கலந்து நின்றன, மேலே குழல்விளக்கு மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ஒரு தூசிகூட அசையவில்லை. சக்கரம் அரைச் சுற்று நகர்ந்தது. தயங்கியது. மறுபடி நகர்ந்தது.

"சரி, சுத்து. உன் இஷ்டம்" என்று அதனிடமே சொல்லிவிட்டு ஆயில் பைப்பை எடுத்தாள். புது பேரிங் அவ்வளவு வழுக்கலாக இருக்கும்தான். டிப்போவில் யாராவது தும்மினால்கூடச் சுற்றுகிற டர்போக்களை அவள் பார்த்திருக்கிறாள்.

காருக்கு இருபத்திரண்டு வயது. நீல நிறம் என்பது பத்திரத்தில் எழுதியிருப்பதால்தான் நம்ப வேண்டும், வெயில் தின்று மீதி வைத்தது சாம்பலும் இல்லாத நீலமும் இல்லாத ஏதோ ஒன்று. ஆனால் பானெட்டைத் திறந்தால் தெரியும், அது சாமானிய வண்டி இல்லை. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. அவள் என்ஜினைப் பார்த்துக்கொண்டாள், அவன் மலைப் பாதைப் பந்தயங்களில் ஓட்டினான். பழைய டர்போவின் தண்டு தேய்ந்து நீலப் புகை விட ஆரம்பித்தபோது, இதைவிடப் பெரியதாக ஒன்றைப் போட்டே தீர வேண்டும் என்று அவன்தான் ஒற்றைக் காலில் நின்றான். படம் பார்த்து, அளவு பார்த்து, அவளிடம் நாலு தடவை திட்டு வாங்கிக் கடைசியில் ஆர்டர் போட்டான். பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நாற்பத்தொரு நாள். அதில் பதினாறு நாள் அவனுக்குப் பதில் ஒரு மெஷின் மூச்சு விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாதிதான் வேலை செய்யுதும்மா. இருக்கிற பாதியைப் பத்திரமா பாத்துக்கங்க. இன்னொரு தடவை மூச்சு விட்டுப்போச்சுன்னா எங்களால திரும்பக் கொண்டுவர முடியாது" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அந்த வாக்கியத்தை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. வேறு அர்த்தம் எதுவும் வரவில்லை.

கராஜை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து அவனுக்குக் கட்டில் போட்டாள். நடுவில் ஒரு கதவுதான். ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாக அங்கே உறுமிக்கொண்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை புஸ் என்று பெருமூச்சு விடும். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. என்ஜின் ஓடும்போது அந்தப் புது டர்போ எழுப்பும் விசிலை ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்காகத்தான் டீச்சர் இந்த வாரம் லீவு போட்டாள்.

காலையில் நடந்தது விளையாட்டு. இப்போது நினைத்தாலும் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. புது டர்போவை மாட்டும் முன்னால், மாட்டப் போகிறவர் அதன் வாயில் ஒரு தடவை ஊதிப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றினால் பேரிங் சரி. இதைச் சோதனை என்று சொல்வதா சடங்கு என்று சொல்வதா என்று யாரும் யோசித்ததில்லை. மாட்டுகிறவர்தான் ஊத வேண்டும், வேறு ஆள் ஊதினால் அந்த டர்போவைத் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பழைய ஆட்கள் இருந்தார்கள். டீச்சர் அவர்களைக் கிண்டல் செய்வாள்.

தம்பிக்கு மூச்சுப் பயிற்சி செய்ய ஒரு கண்ணாடி டப்பா கொடுத்திருந்தார்கள், உள்ளே மூன்று பந்துகள். மூன்றையும் மூச்சால் தூக்க வேண்டும். அவனால் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது, அதுவும் பாதி வரை. காலையில் அவன் அதைத் தலையணைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவள் பெட்டியைப் பிரித்துப் புது டர்போவைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பந்து வேண்டாம்னா இதை ஊது. நீ சுத்த வச்சிட்டேன்னா இன்னைக்குப் பயிற்சிக்கு லீவு."

"மாட்டுறவங்கதான... ஊதணும்?"

"பெரிய சட்டம். ஊதுடா."

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை அவன் உதட்டை அந்த வட்டத்தில் அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வர, இருக்கிறதை எல்லாம் ஊதினான். பட்டுத் துணி உரசுவது போல ஒரு சின்னச் சத்தத்தோடு சக்கரம் சுற்றியது. இருவரும் சிரித்தார்கள். அவன் தலையணையில் சாய்ந்து, வெகு நேரம் அடுத்த மூச்சு எடுக்காமல், சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேரிங்கைப் பாராட்டிக்கொண்டே எடுத்துப் போய் மாட்டிவிட்டாள்.

மணி நாலு ஆனபோது ஆயில் பைப் முடிந்திருந்தது. செம்பு வாஷர்களை இரண்டு பக்கமும் வைத்து போல்ட்டை இறுக்கினாள். அடுத்தது டர்போவைக் குளிர வைக்கும் தண்ணீர் பைப்கள் இரண்டு. அதற்கு டர்போவின் அடியில் கையை விட்டு வேலை பார்க்க வேண்டும், மேலேயிருந்து ஒரு வாஷரோ நட்டோ சக்கரத்தின் வாய்க்குள் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அகல டேப்பில் இரண்டு துண்டு கிழித்து டர்போவின் வாயை மூடி ஒட்டினாள். சுற்றிலும் கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டாள்.

போல்ட்டைத் தேடித் திரும்பியபோது அறைக்குள் எஃகு டம்ளர் ஒன்று விழுந்து, உருண்டு, சுவரில் இடித்து நின்றது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தம்பி கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. மார்பு மேலே தூக்கியபடி அப்படியே நின்றிருந்தது, உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. கூப்பிட முடியாமல்தான் டம்ளரைத் தட்டிவிட்டிருக்கிறான். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டிய கிளிப்பில் எண்பத்தாறு. எண்பத்திரண்டு. மெஷினைப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது. ட்யூபைத் தடவினாள், எங்கும் மடங்கவில்லை. மூக்கில் மாட்டியிருந்ததைக் கழற்றித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், காற்று வந்தது. எழுபத்தாறு. அவன் உதடு நீலம் பாரித்தது. அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டித் திறந்த கதவைப் பார்த்தன.

போன் கராஜில் இருந்தது. எடுக்க ஓடியவள் காருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

டேப் உள்பக்கமாகக் குழிந்திருந்தது. முரசுத் தோலைப் போல இழுபட்டு, பாதியில் நின்று, துடித்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. நகத்தால் ஓரத்தைக் கிழித்து டேப்பைப் பிய்த்தெறிந்தாள்.

பின்னாலிருந்த அறையில், தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வருகிறவன் எடுப்பது போல ஒரு நீளமான மூச்சு.

போய்ப் பார்த்தாள். எண்பது. எண்பத்தெட்டு. தொண்ணூற்று மூன்று. டாக்டருக்குப் போன் போட்டாள். சளி அடைத்திருக்கும், எண்பத்தைந்துக்குக் கீழே மறுபடி போனால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். தம்பியின் முகத்தைத் துடைத்தாள், டம்ளரை எடுத்து வைத்தாள், சிந்தின தண்ணீரைத் துணியால் ஒற்றினாள். மனசுக்குள் ஒன்று தலை தூக்கியபடி இருந்தது. அதை அடக்க அடக்க அது அடங்கவில்லை.

"தம்பி, கதவு திறந்தே இருக்கட்டும். சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இரு, பேசாத."

காரின் பக்கத்தில் நின்றால் கட்டில் தெரிந்தது. அவன் சட்டையின் இரண்டாவது பட்டனையே பார்த்தாள். பட்டன் உயர்ந்தது, சக்கரம் நகர்ந்தது. பட்டன் தாழ்ந்தது, சக்கரம் தயங்கியது. அவன் ஒரு தடவை எச்சில் விழுங்கினான். சக்கரம் ஒரு நூல் அளவு திக்கியது.

அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஆட்காட்டி விரலை நீட்டி, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல, நடு நட்டைத் தொட்டாள்.

பட்டன் பாதி வழியில் நின்றது. தம்பி கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தான்.

விரலை எடுத்தாள்.

"அக்கா. இப்ப என்னைத் தொட்டியா?" என்றான். நெஞ்சின் நடுவில் விரல் வைத்துக் காட்டினான். "இங்க."

அவன் சக்கரத்தைப் பார்த்தான், தன் நெஞ்சைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து அவளைவிட அவனுக்குத்தான் எதுவும் சீக்கிரம் புரியும்.

"சுத்திவிடு" என்றான்.

"என்னடா?"

"நிறுத்தத் தெரியுதுல்ல. சுத்திவிடு."

அவள் தயங்கித் தயங்கி, சக்கரம் போகும் திசையிலேயே விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள். அது மின்னிக்கொண்டு சுற்றியது. கட்டிலில் தம்பியின் தோள்கள் விரிந்தன. மூன்று மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தாள்.

"அக்கா, நான் ஒரே மூச்சுல இவ்வளவு நீளமாப் பேசி எத்தனை நாள் ஆச்சு தெரியுமா, நீயே எண்ணிப் பாரு, நடுவுல எங்கயாவது நிறுத்தினேனா?"

தொண்ணூற்றேழு. அவள் அழுதுவிட்டாள். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி, எது எதென்று பிரிக்க முடியவில்லை. இன்னொரு தடவை என்றான். தட்டினாள். இன்னொரு தடவை என்றான்.

ஏழாவது தட்டிலோ எட்டாவது தட்டிலோ அந்தச் சத்தம் வந்தது. மிக மெல்லிய கீறல். நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போல.

டிப்போவில் நூறு என்ஜின்களின் இரைச்சலுக்கு நடுவிலும் அவள் காது அந்தக் கீறலைக் கண்டுபிடித்துவிடும். காய்ந்த தண்டு. மாட்டும் முன்னால் அவள் ஊற்றிய நாலு சொட்டு ஆயில், ஓடாத டர்போவுக்குத் தாராளம். இது காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயில் இல்லாமல் சுற்றினால் பேரிங்கின் பித்தளை தேயும், தண்டில் ஆட்டம் வரும், சக்கரம் கூட்டில் இடிக்கும். அதற்குப் பிறகு நின்றுவிடும், அவ்வளவுதான்.

கட்டிலிலிருந்து அதே கீறல் கேட்டது. அவன் மூச்சு இழுத்தது.

கழற்றிவிடலாமா? கழற்றும்போது கை பட்டு நின்றால்? மேலேயிருந்து ஆயில் ஊற்றலாமென்றால் ஆயில் பைப்பை இறுக்கியாகிவிட்டது, அதைத் திறக்க டர்போவையே பிடித்து ஆட்ட வேண்டும். யோசித்துப் பார்த்தால் ஒரே வழிதான் இருந்தது, அதுவும் அவள் நூற்றுக்கணக்கான தடவை செய்த வழி. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்ரோல் வராது, என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பிப் பிடித்தால் ஸ்டார்ட்டர் மட்டும் என்ஜினைச் சுழற்றும், ஆயில் பம்ப் வேலை செய்யும், பத்து நொடியில் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரும். புது டர்போ மாட்டினால் எந்த நல்ல மெக்கானிக்கும் இதைத்தான் செய்வார். செய்யாதவர்களைத்தான் அவள் திட்டுவாள்.

ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாள். பேட்டரியை மாட்டினாள். ஆயில் வருகிறதா என்று அடியில் டார்ச் அடித்து ஒருவர் பார்க்க வேண்டும், ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். தம்பி அதற்குள் கட்டிலை விட்டு இறங்கி, ட்யூபை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தான்.

"நீ உக்காரு, நானே பாத்துக்கறேன்."

"என் வண்டி. நான்தான்... திருப்புவேன்."

வாதாட நேரம் இல்லை, கீறல் அதிகமாகிக்கொண்டிருந்தது. கைத்தாங்கலாகப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். அவன் கை தானாக ஸ்டியரிங்குக்குப் போனது.

"பத்து எண்ணுவேன். விடுன்னா விட்டுரணும்."

"சரி டீச்சர்" என்றான். எப்போதாவது கிண்டலுக்குத்தான் அவன் அப்படிக் கூப்பிடுவான்.

திருப்பினான். ஸ்டார்ட்டர் முனகியது, என்ஜின் கனத்தோடு புரண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. டார்ச் வெளிச்சத்தில் சக்கரத்தின் இதழ்கள் கரைந்து ஒரே வெள்ளி வட்டமாயின. ஆறு, ஏழு. டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் பைப்பின் முனையில் தேன் நிறத்தில் ஆயில் எட்டிப் பார்த்து வழிந்தது. கீறல் நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போதும். விடு."

விட்டான். ஸ்டார்ட்டர் நின்றது.

என்ஜின் நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல் ஓடியது. சைலன்ஸர் குழாய் இல்லாத என்ஜின் கூரையைப் பிய்க்க வேண்டும். இதில் ஒரு சீரான காற்றோட்டம் மட்டும் கேட்டது, அதன் மேல் மெல்லிய விசில். அவள் சட்டைப் பையைத் தொட்டாள். ஃபியூஸ் இருந்தது. டர்போவின் பின்பக்கத் துளைக்கு நேராகக் கையைக் காட்டினாள். புகை இல்லை. வெதுவெதுப்பான காற்று. இருமல் மருந்து வாசனை அடித்தது.

எழுந்து டிரைவர் கதவுக்கு வந்தாள்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கு ட்யூபைக் கழற்றி கியர் தண்டில் மாட்டியிருந்தான். கன்னம் சிவந்து, மலைப் பாதையில் ஜெயித்து இறங்கி வந்த நாட்களில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. கிளிப்பில் நூறு. அப்படி ஓர் எண்ணை அவள் அதில் பார்த்ததே இல்லை.

சட்டைப் பட்டன் அசையவில்லை.

நெஞ்சில் கை வைத்தாள். எழவில்லை, இறங்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில், நின்ற இடத்திலேயே மெல்ல ஓடும் என்ஜினின் சீரான அதிர்வு மட்டும்.

"தம்பி."

அவன் உதடு அசைந்தது. அதிலிருந்து சத்தம் வரவில்லை.

"விசில் கேக்குதா அக்கா?"

குரல் பானெட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

சாவியைத் திருப்பி அணைத்தாள். யோசிக்கவில்லை. விசில் இறங்கியது, அவன் உதடு நீலமானது, தலை சரிந்தது. எண்பது. அறுபத்தொன்று. நாற்பத்து நாலு. சாவியை மறுபடி திருப்பினாள். ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்லை, என்ஜின் காத்திருந்தது போலப் பற்றிக்கொண்டது. நூறு. சிரிப்பு.

சரி. ஓடட்டும். ஓடிக்கொண்டே இருக்கட்டும். டாக்டரைக் கூப்பிடலாம். யாரையாவது கூப்பிடலாம். ஓடினால் போதும்.

அப்போதுதான் வாசனை வந்தது. சூடான இரும்பு. அவள் கண் மீட்டர்களுக்குப் போனது. வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் ஒரு கோடு ஏறியது.

ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. காலையில் அவளே வடித்தாள். பக்கெட்டில், சுவர் ஓரம்.

தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஊற்றினாள். ஊற்றியது அத்தனையும் மறுபக்கம் கொட்டியது. டர்போவின் அடியில் இரண்டு துளைகள். இன்னும் மாட்டாத தண்ணீர் பைப்கள். இரண்டு போல்ட், நாலு வாஷர். ஐந்து நிமிஷ வேலை. என்ஜினை நிறுத்திவிட்டுச் செய்கிற ஐந்து நிமிஷ வேலை.

ஓடும்போதே செய்யப் பார்த்தாள். கையை அடியில் விட்டாள். உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. போல்ட் கீழே விழுந்து உருண்டது. மறு கையால் முயன்றாள். விரல் மடங்கவில்லை. டர்போவின் கூடு மங்கலாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது.

"அக்கா" என்றது பானெட்டுக்கு அடியிலிருந்து வந்த குரல். "கொஞ்சம் சூடா இருக்கு."

"தெரியும்டா. தெரியும். இரு."

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவள் கதவுக்கு ஓடினாள். அவன் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. வியர்வை இல்லை. தோல் காய்ந்து, உதடு வெடித்திருந்தது. கிளிப்பில் நூறு. அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

வலது கை சாவியில். திருப்பினால் நின்றுவிடும்.

இடது கையில் இரண்டு வாஷர்கள்.

முள் கடைசிக் கோட்டைத் தாண்டியது. தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், அந்த வாய்க்குள், நாக்குக்குப் பின்னால் தொண்டையின் ஆழத்தில், டர்போவின் கூட்டில் இருந்த அதே சிவப்பு, மெல்லப் பழுத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.